கேலரியில் நமக்கு ஓர் இடம்

போன இதழில், 2025 ஜூலை 5 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிவதை நேரில் பார்த்தேன் என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். அதனால் மாமியார், மருமகள், சொத்துச் சண்டை எல்லாம் அடுத்த மாதம். இந்த முறை மைதானம் மட்டும்.

கேள்வி: என் கணவர் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கால்பந்து லீக் தொடங்கிவிட்டால் மத்தியானம் சாப்பிட்ட கையோடு அசோக் நகர் ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிடுகிறார். ஆடுகிற பையன்கள் சொந்தமும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. வீட்டில் பெரிய டிவி இருக்கிறது, அதில் உலகக் கோப்பையே வருகிறது. வெயிலில் போய் சிமெண்டில் உட்கார்ந்து என்ன சுகம்? கேட்டால் "உனக்குப் புரியாது" என்கிறார். உங்களுக்காவது புரிகிறதா அக்கா?
— ஒரு வாசகி, ஜீவன் பீமா நகர்

பதில்: புரிகிறது தங்கச்சி. ஆனால் "உனக்குப் புரியாது" என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லியிருப்பார். அவருக்காக நான் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் பிறந்தது அல்சூர் கௌதமபுரத்தில். புத்தருக்கும் அம்பேத்கருக்கும் அன்னை தெரசாவுக்கும் சிலை வைத்த இடத்தில் பெலேவுக்கும் சிலை வைத்தவர்கள் எங்கள் ஜனம். உலகக் கோப்பை வந்தால் தெருவெல்லாம் பிரேசில் கொடி கட்டுவார்கள். அப்பா ஒரு பொதுத்துறை ஆலையில் ஃபிட்டர். ஆலையின் கால்பந்து பி டீமில் லெஃப்ட் அவுட், அதாவது இடது ஓரத்தில் ஓடித் தாக்குகிற ஆட்டக்காரர். முட்டி போனதும் ஆடுவதை விட்டார், பார்ப்பதை விடவில்லை. எனக்கு ஏழு வயதிருக்கும்போது சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு, அதில் என்னை உட்கார வைத்து ஆட்டத்துக்குக் கூட்டிப் போவார். எந்த மைதானமானாலும் கீழேயிருந்து மூன்றாவது படிதான். முதல் இரண்டு படியில் உட்கார்ந்தால் கோட்டோரம் நிற்கிறவர்கள் மறைப்பார்கள். அதற்கு மேலே போனால் ஆட்டக்காரர்கள் பேசுவது காதில் விழாது. "அவங்க பேசறது கேக்கணும்மா. பாதி ஆட்டம் வாயிலதான் நடக்குது" என்பார்.

அது உண்மை. பின்னால் 34 வருஷம் பி.டி. டீச்சராக விசில் ஊதியபோது எனக்கே தெரிந்தது. டிவியில் கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடும், நாமும் கூடவே ஓட வேண்டியதுதான். மைதானத்தில் யாரைப் பார்ப்பது என்று நாமே முடிவு செய்யலாம். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இந்தக் கோடியில் கோல்கீப்பர் தனியாக என்ன செய்கிறான் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒருவன் போஸ்ட்டை இரண்டு கையாலும் தொட்டுக் கும்பிடுவான். ஒருவன் தனக்கு முன்னால் தடுத்து ஆடுகிற பேக் ஆட்டக்காரனைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே இருப்பான். ஒருமுறை ஒரு பையன், பத்தொன்பது வயதுகூட இருக்காது, கோல் வாங்கிய பிறகு வலையில் சிக்கிய பந்தை எடுத்துத் தன் பனியனால் துடைத்து நடு வட்டத்துக்கு அனுப்பினான். மழையும் இல்லை, சேறும் இல்லை, பந்து சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் துடைத்தான். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது மறந்துபோனது, அந்தப் பையன் துடைத்த விதம் மறக்கவில்லை.

ஈட்டி எறிதலும் அப்படித்தான். டிவியில் அது ஒரு சாய்ந்த கோடு, அவ்வளவுதான். நேரில் பார்த்தால், நீரஜ் தலைக்கு மேல் கையைத் தட்ட, கூட்டம் முழுக்க அதே தாளத்தில் தட்டுகிறது. ஓட ஆரம்பித்ததும் அத்தனை சத்தமும் அடங்குகிறது. கையை விட்ட ஈட்டி, விளக்கு வெளிச்சத்தில் வால் பக்கம் துடிதுடித்துக்கொண்டு, இவ்வளவு உயரம் போகுமா என்று நினைக்கிற உயரத்துக்குப் போகிறது. 86.18 மீட்டர் என்று பலகையில் எண் வருவதற்கு முன்னாலேயே பக்கத்தில் இருந்த அம்மாள், முன்பின் தெரியாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நமக்குச் சொந்தமில்லாத பையன்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு குறை மாதிரி உங்களுக்குப் படுகிறது. எனக்கு அதுதான் பெரிய வசதி என்று தோன்றுகிறது. மகன் மார்க், மகள் கல்யாணம், வீட்டுக் கடன் என்று நாம் பதறுகிற விஷயம் ஒவ்வொன்றும் ராத்திரி நம்மோடு படுக்கைக்கு வந்துவிடும். இங்கே ஒன்றரை மணி நேரம் முழு மனசோடு பதறலாம், கத்தலாம், ரெஃப்ரியோடு சண்டை போடலாம். சாயங்காலம் வாசலைத் தாண்டும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். நாற்பது வருஷம் குடும்பத்துக்காகப் பதறிய மனுஷருக்கு இப்படி ஒரு பதற்றம் எவ்வளவு ஓய்வு என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தில் 7,209 பேர் கொடுத்த பதில்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. விளையாட்டை நேரில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடுதலாகவும் தனிமை உணர்வு குறைவாகவும் இருந்தது என்று அதில் கண்டார்கள். பெரிய கிளப் ஆட்டம் மட்டுமில்லை, காசில்லாமல் பார்க்கிற கிராமத்து ஆட்டமும் அந்தக் கணக்கில் சேர்த்தி. சந்தோஷமாக இருக்கிறவர்கள்தான் மைதானத்துக்குக் கிளம்புகிறார்களோ என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டிலிருந்து ஒருவர் குளித்துச் சட்டை மாற்றிக் கிளம்புகிறார், நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், "நேத்து ஏன் வரலை?" என்று யாரோ அவரைக் கேட்கிறார்கள். ரிட்டயர் ஆன ஆம்பளைக்கு அப்படிக் கேட்க ஆள் இருப்பது சின்ன விஷயம் இல்லை தங்கச்சி.

ஒன்று செய்யுங்கள். ஒரு நாள் கூடப் போங்கள். தலைக்குத் தொப்பி, ஒரு பாட்டில் மோர், உட்கார ஒரு பழைய பெட்ஷீட். காங்கிரஸ் கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். முழு ஆட்டத்தையும் புரிந்துகொள்ளப் பார்க்க வேண்டாம். "நான் யாரைப் பாக்கறது?" என்று அவரைக் கேளுங்கள். ஒரே ஒரு பையனைக் காட்டுவார். அவனை மட்டும் அரை மணி நேரம் பாருங்கள், பந்து அவனிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் அணி தோற்றால் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. இதை எப்படி இன்பம் என்கிறீர்கள்?
— கல்லூரி மாணவர், கம்மனஹள்ளி

பதில்: தம்பி, 2016 அக்டோபர் 19 அன்று நான் கண்டீரவாவில் இருந்தேன். ஆசியக் கால்பந்து கிளப்புகள் ஆடும் ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதி, நம் பெங்களூரு எஃப்.சி.க்கு மலேசியாவின் ஜோகூர் அணியோடு. முதல் கோல் அவர்கள் போட்டார்கள். மைதானம் அப்படியே உறைந்துபோனது. பிறகு நம் சுனில் சேத்ரி இரண்டு கோல், அதில் ஒன்று பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்தது. நம் அணியின் ஹுவானன் தலையால் முட்டியது ஒன்று. 3-1. இந்தியாவிலிருந்து ஓர் அணி அந்த இறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. வெளியே வந்தால் கஸ்தூர்பா ரோடு முழுக்கப் பாட்டு. அடுத்த மாதம் தோகாவில் நடந்த இறுதியில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 1-0 என்று தோற்றார்கள். அன்றைக்கு நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

தோல்வி வலிக்கத்தான் செய்யும். வலிக்காவிட்டால் அக்டோபர் 19 அவ்வளவு இனித்திருக்காது. ஆனால் இரண்டு நாள் என்பது அதிகம். நீ எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கொஞ்சம் கவனி. ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்து, எதிரணி ஆட்கள் போடுகிற கேலியை ராத்திரி ஒரு மணி வரை படிக்கிறாயா? அப்படியானால் உன் தூக்கத்தைக் கெடுப்பது தோல்வி இல்லை, போன்தான். மைதானத்தில் தோற்ற கூட்டத்தோடு நடந்து வந்து பார். "அந்த கார்னர்ல ஆளை விட்டுட்டானுங்க மச்சா" என்று ஒருவன் சொல்வான், இன்னொருவன் மறுப்பான், ஒரு டீயை பை-டூ என்று இரண்டாகப் பிரித்து வாங்கிக் குடிப்பீர்கள். பஸ் ஏறும்போது பாதி இறங்கியிருக்கும்.

எங்கள் அப்பா தலைமுறை கேலரியில் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: சாரங்கபாணி ராமன், பெங்களூரு ஆட்டக்காரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் அவருடையது. நம் ஆட்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டி வீணானது. கடைசி நேரத்தில் கோல் வாங்கி 2-1 என்று தோற்றார்கள். தோற்ற ஆட்டம்தான். அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் முதுகு நிமிர்ந்துவிடும். இன்னொன்றும் கேள். மைசூர் மாநில அணி 1968-69இல், மாநில அணிகள் மோதும் கால்பந்துக் கோப்பையான சந்தோஷ் டிராபியை வென்றது. அதற்குப் பிறகு கர்நாடகம் என்று பெயர் மாறி, அந்தக் கோப்பை மறுபடி நம் கைக்கு வர 2023 மார்ச் ஆனது. ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்றார்கள். நடுவில் 54 வருஷம். அந்த 54 வருஷமும் கேலரிக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்து எட்டு மாதம். ஒயிட்ஃபீல்டு பக்கம் பி.ஜி.யில் இருக்கிறேன். சனி ஞாயிறு தூங்கியும் போன் பார்த்தும் போகிறது. தனியாக ஒரு பெண் ஆட்டம் பார்க்கப் போகலாமா? யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்களோ? எங்கே போவது, எவ்வளவு செலவாகும்?
— ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: தாராளமாகப் போகலாம் மகளே. முதல் தடவை ஒரு மாதிரி இருக்கும், மூன்றாவது தடவை நீ உட்காருகிற இடம் உன் இடம் ஆகிவிடும்.

ஒயிட்ஃபீல்டில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறினால் நேராக ஊருக்குள் வந்துவிடலாம். கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கினால் கண்டீரவா நடக்கிற தூரம். சீசன் நடக்கும்போது பெங்களூரு எஃப்.சி. ஆட்டம் அங்கே. மேற்குப் பக்கத்தில் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் என்று ரசிகர் கூட்டம் நின்றுகொண்டே கொட்டு அடித்துப் பாடும். கூச்சமாக இருந்தால் முதலில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவர்களையும் சேர்த்துப் பார். அந்த ஆட்டங்களுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள், பெண்கள், நிறையவே உண்டு. அசோக் நகர் ஸ்டேடியத்தில் உள்ளூர் லீக். அங்கே செலவு ஒரு மசால் தோசைக்குக்கூட வராது, ஆனால் பெண்கள் குறைவு. முதல் தடவை ஒரு தோழியைக் கூட்டிக்கொள். நிறுவன அணிகள், ராணுவ அணிகள் எல்லாம் ஆடும். எம்.இ.ஜி. ஆட்டம் வந்தால் விடாதே. மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் தலைமையிடம் அல்சூரில்தான் இருக்கிறது. அந்தச் சிப்பாய்களைத் 'தம்பி'கள் என்றே ராணுவத்தில் கூப்பிடுவார்கள். கேலரியில் தமிழ் கேட்கும், ஆடுகளத்திலும் கேட்கும்.

அல்சூர் ஏரி பக்கத்தில் ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். கிரவுண்டு இருக்கிறது. 1873இல் ஆற்காடு நாராயணசாமி முதலியார் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியின் பெயரில் உள்ள கிரவுண்டு. போட்டி நடக்கும் நாளில் ஓரமாக நின்று பார்க்க யாரையும் கேட்க வேண்டாம். கிரிக்கெட் பிடிக்கும் என்றால் ரஞ்சி ஆட்டம். நாலு நாள் நடக்கும், பெரும்பாலும் இலவசம், கூட்டமே இருக்காது. புத்தகம் எடுத்துப் போய் நடுநடுவே தலை தூக்கிப் பார்க்கிறவர்கள்கூட உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்த காட்சி.

சில நடைமுறை விஷயம். பெரிய பை கொண்டு போகாதே, வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பல இடங்களில் தண்ணீர் பாட்டிலையும் உள்ளே விடமாட்டார்கள். கழிவறை எங்கே என்று உட்காருவதற்கு முன்பே பார்த்துக்கொள். ஒரு மைதானத்தில் பெண்கள் கழிவறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஆள் சாப்பிடப் போய்விட்டதால், இடைவேளை முழுக்க நானும் இன்னும் மூன்று பேரும் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறோம். பெண்கள் ஆட்டம் பார்க்க வர வேண்டும் என்று மேடையில் பேசினால் போதாது, அந்தச் சாவி அந்தக் கதவிலேயே இருக்க வேண்டும். இதை நான் பார்க்கிற ஒவ்வொரு நிர்வாகியிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் ஊர்க்காரர்களுக்கு ஏரி குளம் என்றால் தனி பாசம் இருக்கும் என்பதால் ஒன்று சொல்கிறேன். கண்டீரவா இருப்பது பழைய சம்பங்கி ஏரியில். அசோக் நகர் ஸ்டேடியம் ஷூலே ஏரியில். ஹாக்கி மைதானம் அக்கித்திம்மனஹள்ளி ஏரியில். மூன்றிலும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்றது. ஏரிகள் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. கேலரியில் உட்கார்ந்து கீழே பார்க்கும்போது, இது கரை, அது நீர்ப்பரப்பு என்று தோன்றும். பெருமழை பெய்தால் தண்ணீருக்கும் தன் பழைய இடம் ஞாபகம் வந்துவிடுகிறது.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. 2025 ஜூன் 4க்குப் பிறகு அவனை எந்த மைதானத்துக்கும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவன் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டான். நான் செய்தது தப்பா?
— ஒரு தந்தை, ஆர்.டி. நகர்

பதில்: தப்பே இல்லை ஐயா. 11 பேர் உயிர் போன நாள் அது. முந்தின நாள் அகமதாபாதில் ஐ.பி.எல். இறுதியில் நம் ஊர் கிரிக்கெட் அணி ஆர்.சி.பி. ஜெயித்தது. பதினெட்டு வருஷம் காத்திருந்த கோப்பை. மறுநாள் சின்னசாமி ஸ்டேடியம் வாசல்களில் நெரிசல். கொண்டாடப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் அன்று அந்தப் பக்கம் போயிருந்தார்கள். ராத்திரி ஒன்பது மணி வரை ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அன்றைக்கு அங்கே ஆட்டம் எதுவும் இல்லை. நெரிசல் நடந்தது உள்ளே நாற்காலிகளுக்கு நடுவில் இல்லை, வெளியே வாசல்களில். நீங்கள் தடுக்க வேண்டியது அந்த மாதிரிக் கூட்டத்தை. உட்காரும் இடத்துக்கு எண் போட்ட டிக்கெட் கையில் இல்லாமல் எந்த வெற்றி விழாவுக்கும், ஊர்வலத்துக்கும் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆட்டம் பார்க்க அவனை நீங்களே கூட்டிப் போங்கள், முதலில் சின்ன மைதானத்துக்கு.

நான் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது சொல்லிக் கொடுத்ததை எழுதுகிறேன். ஒரு மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். உள்ளே போனதும் வெளியே போகிற வழி குறைந்தது இரண்டு பார்த்து வைக்க வேண்டும். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதைப் போன் இல்லாமலே முடிவு செய்திருக்க வேண்டும், கூட்டத்தில் சிக்னல் கிடைக்காது. தோளோடு தோள் உரச ஆரம்பித்த உடனே திரும்பிவிட வேண்டும், கையை மேலே தூக்க முடியாத நிலை வரை காத்திருக்கக் கூடாது. மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். நெரிசலில் பெரும்பாலும் உயிர் போவது மூச்சு விட இடம் இல்லாமல்தான். நெஞ்சுக்கு முன்னால் அந்த ஒரு சாண் இடம் முக்கியம். தள்ளுகிறவர்களை எதிர்த்து நிற்காமல், அலை ஓய்கிற நேரம் பார்த்துக் குறுக்காக, ஓரத்தை நோக்கி நகர வேண்டும். செருப்பு போனாலும் போன் விழுந்தாலும் குனியவே கூடாது. ஆட்டம் முடிந்ததும் பதினைந்து நிமிஷம் இடத்திலேயே உட்கார்ந்திருங்கள். அந்தப் பதினைந்து நிமிஷம் அப்பாவும் பிள்ளையும் பேசுவதற்கு ரொம்ப நல்ல நேரம் ஐயா.

கேள்வி: எனக்கு எந்த விளையாட்டும் பிடிக்காது. அப்படியானால் எனக்கு இந்தச் சந்தோஷம் கிடையாதா?
— ஒரு வாசகி, பிரேசர் டவுன்

பதில்: ஏன் கிடையாது? சித்திரையில் அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்கு பாருங்கள். விடிய விடியப் பல்லக்குகள் வரும், மல்லிகை வாசம் தெருவிலேயே தங்கிவிடும். தெரியாத ஜனங்களோடு ஒரே பக்கம் பார்த்து நிற்பது அங்கேயும் உண்டு.

கேள்வி: அம்மா இறந்து நாலு மாதம் ஆகிறது. குடியாத்தத்திலிருந்து அப்பாவை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். அவருக்கு 72 வயது. அபார்ட்மெண்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபடியே இருக்கிறார். இளமையில் ஊரில் வாலிபால் ஆடியவர். ஏதாவது ஆட்டத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று நினைத்தேன். "வருஷம் திரும்பறதுக்குள்ள வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போறியா" என்று அத்தை கோபித்துக்கொள்கிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகர், பானஸ்வாடி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அத்தை கோபத்தில் அன்பு இருக்கிறது. போனது அவர் அண்ணியாயிற்றே. அவரோடு வாதம் செய்ய வேண்டாம்.

எங்கள் அம்மா இறந்தது 1991இல். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அப்பா பேச்சை விட்டுவிட்டார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார். ஆம், இல்லை தவிர வாயில் வார்த்தை இல்லை. பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ, மத்தியானம் ஒரு மணிக்கு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். சைக்கிளைத் தொடவில்லை. எங்கே போகிறார் என்று திண்ணையில் இருந்த உறவுக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. "பொண்டாட்டி போயி மாசம்கூட ஆவல, ஆட்டம் கேக்குதா இந்த ஆளுக்கு?" என்று ஒருவர் உரக்கவே சொன்னார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மூன்றாவது படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். வழக்கமாக வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் கிட்டே வந்து துக்கம் விசாரிக்கவில்லை. ஒருவர் மட்டும் தாண்டிப் போகும்போது அப்பா தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். கடலைக்காரர் எப்போதும் கொடுக்கிற இரண்டு பொட்டலத்தைக் கொடுத்தார், காசுக்குக் கை நீட்டவில்லை. முதல் பாதி முழுக்க அப்பா முழங்கால் மேல் கையை வைத்தபடி அசையாமல் இருந்தார். ஆட்டத்தைப் பார்க்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு சின்னப் பையனை லெஃப்ட் அவுட்டில் இறக்கினார்கள். ஒல்லி, பனியன் முட்டி வரை தொங்கியது. பந்தை வாங்கி ஓரக் கோட்டை ஒட்டியே ஓடினான். எதிரே பேக் வந்து நின்றான். பையன் ஒரு நொடி நின்று, இடது காலால் உள்ளே இழுக்கிற மாதிரி காட்டி, அதே காலின் வெளிப்பக்கத்தால் தட்டி அவனைக் கடந்துவிட்டான். அப்பா என் முழங்கையைத் தொட்டார்.

"வெளிக்கால்ல தட்றான் பாரு. யாரோ சொல்லிக் குடுத்துருக்காங்க. அவனா கத்துக்கிட்டா இப்படி வராது."

இருபது நாளில் அவர் பேசிய முதல் முழுப் பேச்சு அது. அப்புறம் பொட்டலத்தைப் பிரித்தார். நாலு கடலை எனக்குக் கொடுத்தார். ஆட்டம் முடிந்து நடந்து வரும்போது, அம்மாவுக்குக் கடைசியாக வாங்கிக் கொடுக்க நினைத்த புடவையைப் பற்றிப் பேசினார். வீடு வரும் வரைக்கும் அம்மாவைப் பற்றித்தான் பேச்சு. அழுதார். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது வராத அழுகை.

அதனால் உங்கள் அப்பாவைக் கூட்டிப் போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் வேடிக்கை பார்க்க வாருங்கள் என்று கூப்பிடாதீர்கள். "எனக்கு வாலிபால் ஒன்றும் தெரியலப்பா, வந்து சொல்லிக் குடுங்க" என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த ஆட்டமாக இருக்க வேண்டும், அது முக்கியம். பெரிய மைதானம், மைக், பாட்டு, விளக்கு எதுவும் இப்போது வேண்டாம். பள்ளி, கல்லூரி மைதானங்களில் சனி ஞாயிறு பிள்ளைகள் வலை கட்டி ஆடுவார்கள், உங்கள் பக்கத்திலேயே விசாரித்தால் தெரியும். ஓரத்தில் ஒரு கல்லோ பெஞ்சோ போதும். அவர் பேசாவிட்டால் நீங்களும் பேச வேண்டாம். ஒரு பையன் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற விதம் அவருக்குப் பிடிக்கும், அல்லது சுத்தமாகப் பிடிக்காது. இரண்டில் எது நடந்தாலும் சரி.

அரை மணி நேரத்தில் போகலாம் என்றால் திரும்பிவிடுங்கள், அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த மாதம் நாலு மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொள்கிறது.